வெப்பம், உப்பு, நீர்: பறவை உடலின் ஒரே கணக்கு

வியர்வைச் சுரப்பிகளே இல்லாத பறவைகள் கடும் வெயிலிலும் உறையும் குளிரிலும் தம் உடல் வெப்பநிலையை எவ்வாறு காத்துக்கொள்கின்றன என்பது இங்கே நான் எடுத்துக்கொள்ளும் கேள்வியின் முதற்பகுதி. மாதக்கணக்கில் கடல்நீரைத் தவிர வேறு நீரைக் காணாத பறவைகள், உடலில் சேரும் உப்பை என்ன செய்கின்றன என்பது இரண்டாம் பகுதி. உடலியல் நூல்கள் இவற்றைத் தனித்தனி இயல்களில் வைத்துப் பேசினாலும், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி என்று கருதுகிறேன். வெயிலில் உடலைக் குளிர்விக்க நீரை ஆவியாக்க வேண்டும். உப்பை வெளியேற்ற அதை நீரில் கரைத்து அனுப்ப வேண்டும். பறக்க வேண்டிய உடலோ நீரைச் சேமித்துச் சுமந்து திரிய முடியாது. ஆகவே, இவ்விரு வேலைகளையும் எவ்வளவு குறைந்த நீரில் முடிப்பது என்ற நெருக்கடிதான் கீழே வரும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவற்றின் பின்னால் இருக்கிறது.

பெரும்பாலான பறவைகளின் உடல் வெப்பநிலை, ஓய்வாக இருக்கும்போது 39 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். குருவியினப் பறவைகள் இந்த வரம்பின் மேல் முனையிலும், பென்குயின், கிவி, நெருப்புக்கோழி போன்றவை 38 டிகிரியை ஒட்டியும் நிற்கின்றன. தீவிரமாகப் பறக்கும்போது இது 43 அல்லது 44 டிகிரியைத் தொடுவது உண்டு. 46, 47 டிகிரியை எட்டினால் உயிர் தங்காது. அதாவது, இயல்பான நிலைக்கும் மரணத்துக்கும் இடையே மேல்நோக்கி உள்ள தொலைவு சில டிகிரிகள் மட்டுமே. கீழ்நோக்கி உள்ள தொலைவு மிகப் பெரிது. குளிரை எதிர்கொள்ள உணவும் இறகும் பெரும்பாலும் போதும். வெப்பத்தை எதிர்கொள்ளத்தான் நீர் தேவைப்படுகிறது.

உயர்ந்த உடல் வெப்பநிலையால் ஒரு நன்மையும் உண்டு. வெப்பம் எப்போதும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே பாயும். காற்று 38 டிகிரியாக இருக்கும்போது, 37 டிகிரி உடல் கொண்ட மனிதன் வியர்வை சிந்தாமல் வெப்பத்தை இழக்க வழியில்லை. 42 டிகிரி உடல் கொண்ட குருவியோ ஒரு துளி நீரும் செலவிடாமல் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. வெயில் ஏறும்போது பல பறவைகள் தம் உடலை இன்னும் இரண்டு மூன்று டிகிரி சூடேற விடுவதும் இதற்காகத்தான். பார்ப்பவருக்கு அது உடல் கட்டுப்பாட்டை இழப்பதாகத் தோன்றும். உண்மையில் அது நீரை மிச்சப்படுத்தும் உத்தி.

குளிரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இறகுகளுக்கிடையே சிறைப்படும் அசையாக் காற்றே முதன்மையான காப்பு. ஒவ்வோர் இறகின் அடியிலும் உள்ள நுண்தசைகள் அதை நிமிர்த்தும்போது காற்றடுக்கு தடிக்கிறது. குளிரில் பறவை உருண்டு திரண்டு காணப்படுவதன் காரணம் இதுவே. அதுவும் போதாதபோது நடுக்கம் தொடங்குகிறது. பாலூட்டிகளின் குட்டிகளுக்கு உள்ளதுபோல வெப்பம் தருவதற்கென்றே அமைந்த பழுப்புக் கொழுப்பு பறவைகளுக்குக் கிடையாது. பறப்பதற்கான பெரிய மார்புத் தசைகளே, இறக்கை அசையாத அளவுக்கு மெல்ல அதிர்ந்து, வெப்பத்தை உண்டாக்குகின்றன. இறகற்ற கால்கள் வழியே வெப்பம் கசிந்துவிடாமல் இருக்க வேறோர் அமைப்பு உண்டு. காலுக்கு இறங்கும் தமனிகளும் காலிலிருந்து ஏறும் சிரைகளும் பின்னிப் பிணைந்து ஓடுவதால், இறங்கும் சூடான இரத்தம் தன் வெப்பத்தை ஏறிவரும் குளிர்ந்த இரத்தத்திடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பாதத்தை அடைகிறது. பனிக்கட்டியின் மேல் நிற்கும் கடற்காகத்தின் பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே மட்டுமே இருந்தாலும் அதன் உடல் 40 டிகிரியை விட்டு இறங்காததற்கு இந்த எதிரோட்ட அமைப்பே காரணம். எதிரோட்டம் என்ற இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பறவை உடலில் அது இன்னும் இரண்டு இடங்களில் வருகிறது.

உணவு போதாத இரவுகளில் வெப்பநிலையையே தாழ்த்திவிடும் பறவைகளும் இருக்கின்றன. வட அமெரிக்காவின் சிக்கடி என்னும் பட்டாணிக் குருவி இனம் குளிர்கால இரவில் தன் உடலைச் சுமார் 10 டிகிரி குளிர விடுகிறது. ஆண்டிஸ் மலையின் ஹம்மிங் பறவை ஒன்றின் உடல், உறக்கநிலையில் 3.3 டிகிரி வரை இறங்கியதை 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வு பதிவுசெய்தது. மறுநாள் காலை அது நடுங்கி நடுங்கித் தன்னைச் சூடேற்றிக்கொண்டு பறந்துவிடும். கலிஃபோர்னியப் பாலைவனத்தில் பாறை இடுக்கில் வாரக்கணக்கில் உறங்கிய பக்கியினப் பறவையை (இரவில் பூச்சி பிடிக்கும் நைட்ஜார் வகை) 1946 டிசம்பரில் உயிரியலாளர் எட்மண்ட் யேகர் கண்டறியும் வரை, குளிர்கால உறக்கம் கொள்ளும் பறவை உண்டு என்பதை அறிவியலாளர்கள் நம்பவில்லை.

இனி வெயிலுக்கு வருவோம். நீரைத் தொடாமல் வெப்பத்தைத் தள்ளும் வழிகளையே பறவை முதலில் முயல்கிறது. இறகைப் படிய வைத்துக் காற்றடுக்கை மெலிதாக்குகிறது. இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி, இறகு குறைந்த அக்குளைக் காற்றுக்குக் காட்டுகிறது. கால்களுக்கும் அலகுக்கும் இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. தென் அமெரிக்காவின் டோகோ டூக்கானின் பெரிய அலகு எதற்காக என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அகச்சிவப்பு ஒளிப்படங்களைக் கொண்டு 2009இல் வெளியான ஆய்வு, அது இரத்த ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் வெப்பத்தை வெளிவிடும் சாளரமாகச் செயல்படுவதைக் காட்டியது. உடல் அளவோடு ஒப்பிட்டால், விலங்குகளில் அறியப்பட்ட மிகப் பெரிய வெப்பச் சாளரங்களுள் அதுவும் ஒன்று. நெருப்புக்கோழியோ தன் முதுகு இறகுகளை நிமிர்த்தி வெயிலைத் தடுத்துக்கொண்டு, இறகற்ற தொடைகள் வழியே வெப்பத்தை இழக்கிறது.

காற்றின் வெப்பநிலை உடலின் வெப்பநிலையைத் தாண்டிவிட்டால் இவை எல்லாம் பயனற்றுப்போகும். சில வேளைகளில் தீங்காகவும் முடியும். அப்போது ஆவியாதல் ஒன்றுதான் வழி. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வியர்வை இல்லாத பறவை அந்த நீரை எங்கிருந்து ஆவியாக்குகிறது என்பதில் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு.

பொதுவான முறை மூச்சிரைத்தல். அலகைத் திறந்து வேகமாக மூச்சு விடும்போது வாயும் தொண்டையும் மூச்சுக்குழலும் ஈரத்தை இழந்து குளிர்கின்றன. இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. மூச்சிரைக்க உழைக்கும் தசைகளே கூடுதல் வெப்பத்தை உண்டாக்குகின்றன என்பது ஒன்று. வேகமான மூச்சு, இரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளவுக்கு மீறி வெளியேற்றி, இரத்தத்தைக் காரத்தன்மை நோக்கித் தள்ளுகிறது என்பது மற்றொன்று. கோடையில் கோழிகள் மெல்லிய ஓடு கொண்ட முட்டைகளை இடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது, அதற்கு வேண்டிய கார்பனேட் மூச்சோடு போய்விடுகிறது. நெருப்புக்கோழி மட்டும் மணிக்கணக்கில் மூச்சிரைத்தாலும் அதன் இரத்தத்தின் காரத்தன்மை பெரிதாக மாறுவதில்லை என்று சோதனைகள் காட்டியுள்ளன. ஆழமற்ற மூச்சில் காற்றின் பெரும்பகுதி வளிமாற்றம் நடக்கும் நுரையீரல் பரப்பைத் தவிர்த்துச் செல்வதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

கூழைக்கடா, நீர்க்காகம், கொக்கு, ஆந்தை, பக்கி ஆகியவை இன்னும் சிக்கனமான முறையைக் கையாளுகின்றன. தொண்டையின் அடிப்புறச் சவ்வை நாவெலும்பின் உதவியால் படபடவென்று அதிரச் செய்து, அங்குள்ள ஈரத்தை ஆவியாக்குகின்றன. மார்புக்கூடு முழுவதையும் அசைக்க வேண்டியதில்லை. மெல்லிய சவ்வு மட்டுமே அசைவதால் உழைப்பு குறைவு, நுரையீரலின் வளிக்கணக்கும் அதிகம் குலைவதில்லை. பக்கிகளில் இவ்வாறு வெளியேறும் வெப்பம், அவற்றின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை விடப் பல மடங்காகவே இருக்க முடியும். வெயில் நேரடியாகப் படும் வெறுந்தரையில் நாள் முழுவதும் அசையாமல் அடைகாக்கும் பறவைக்கு அது கட்டாயத் தேவை.

என் பார்வையில் இவை எல்லாவற்றையும் விஞ்சி நிற்பவை புறாக்கள். வியர்வைச் சுரப்பி இல்லாமலேயே அவை தோலின் வழியாகப் பெருமளவு நீரை ஆவியாக்குகின்றன. வெப்பத்துக்குப் பழக்கப்படுத்தப்பட்ட மாடப்புறாக்கள் 60 டிகிரி வறண்ட காற்றில்கூட மூச்சிரைக்காமல் உடலைக் காத்துக்கொண்டதைச் சோதனைகள் பதிவுசெய்துள்ளன. இதற்குத் தசை உழைப்பும் இல்லை, கார்பன் டை ஆக்சைடு இழப்பும் இல்லை. நீர் மட்டும் நிறைய வேண்டும். புறாக்கள் தலையைத் தூக்காமல் உறிஞ்சி விரைவாக நீர் குடிக்க வல்லவை என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். பாலைவன வானம்பாடிகள் இதற்கு நேரெதிர்: அவற்றின் தோலின் மேலடுக்கிலுள்ள கொழுப்புகளின் கலவை மாறி, நீர் கசிவதைக் குறைக்கிறது.

நீரின் விலை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. ஏழு கிராம் எடையுள்ள பாலைவனச் சிறு பறவை 50 டிகிரி காற்றில் இருந்தால், மணிக்குத் தன் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் நீராக இழக்கிறது. இழப்பு 15 விழுக்காட்டை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே நிழலும் நீரும் இல்லாத இடத்தில் அதற்கு இருப்பது சில மணி நேர அவகாசம்தான். 2010 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹோப்டவுன் பகுதியில் வெப்பம் 48 டிகிரியைத் தொட்ட ஒரே நாளில், அருகிவரும் கிளியினமான கார்னபி கருங்காக்கட்டூக்கள் 200க்கு மேல் மாண்டன. அவை நோயுற்ற பறவைகள் அல்ல. வெப்பத்தின் மேல் எல்லைக்கும் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளி அவ்வளவு குறுகியது.

உடலுக்குள் இருக்கும் விலையுயர்ந்த நீரைச் செலவிடாமல், எப்படியும் வெளியேறப்போகும் நீரைப் பயன்படுத்தும் பறவைகளும் உண்டு. நாரையினங்கள் சிலவும் அமெரிக்கப் பிணந்தின்னிக் கழுகுகளும் தம் நீர்த்த எச்சத்தைத் தம் கால்களின் மேலேயே பீய்ச்சிக்கொள்கின்றன. அது ஆவியாகும்போது காலில் ஓடும் இரத்தம் குளிர்கிறது. அருவருப்பாகத் தோன்றினாலும் இது மிகச் சிக்கனமான முறை. காலில் எச்சம் படிந்து இறுகிக் காயம் உண்டாகும் என்பதால், இக்கழுகுகளுக்குக் கால் வளையம் இடாமல் இறக்கையில் அடையாள வில்லை பொருத்துகிறார்கள். மூச்சோடு போகும் ஈரத்தை மீட்கும் வழி மூக்கிலேயே இருக்கிறது: உள்ளிழுத்த காற்றால் குளிர்ந்த நாசிச் சுவர்களின் மீது, வெளிவரும் சூடான காற்று தன் ஈரத்தின் ஒரு பகுதியை விட்டுச் செல்கிறது. காற்று ஒரே பாதையில் மாறிமாறி எதிரெதிராகச் செல்வதால் நிகழும் இந்த மீட்பு, நான் முன்னர்ச் சொன்ன எதிரோட்டத்தின் இன்னொரு வடிவம்.

இவ்வளவு சிக்கனமாக வாழும் உடல், சிறுநீரகத்தில் நீரை வீணாக்க இடம் கொடாது என்று எதிர்பார்ப்போம். ஆனால் பறவையின் சிறுநீரகம் ஒரு விதத்தில் பலவீனமானது. சிறுநீரை உருவாக்கும் நுண்குழல்களான அதன் நெஃப்ரான்களில் பெரும்பாலானவை ஊர்வனவற்றுக்கு உள்ளதுபோல வளைவு இல்லாதவை. சிறுபகுதி மட்டுமே பாலூட்டிகளுக்கு உள்ளதுபோல நீண்ட வளைவு கொண்டவை. சிறுநீரை அடர்த்தியாக்குவது அந்த வளைவுகளே. ஆகவே பெரும்பாலான பறவைகளால் இரத்தத்தைப்போல இரண்டு, மூன்று மடங்கு அடர்த்திக்கு மேல் சிறுநீரை உண்டாக்க முடியாது. மனிதச் சிறுநீரகமே நான்கு மடங்கு வரை செல்லும்.

இந்தக் குறையை வேறொரு பக்கத்தில் ஈடுகட்டுகிறது யூரிக் அமிலம். பாலூட்டிகள் நைட்ரஜன் கழிவை யூரியாவாக வெளியேற்றுகின்றன. அது நீரில் கரைந்தே போக வேண்டும். யூரிக் அமிலம் நீரில் ஏறக்குறையக் கரையாது. நுண்ணிய உருண்டைகளாகப் படிந்து, சிறிதளவு நீரோடு வழுக்கிச் செல்கிறது. பறவை எச்சத்தின் வெண்பகுதி அதுவே. மூடிய ஓட்டுக்குள் வளரும் கருவுக்கும் இதுவே பாதுகாப்பு. கழிவு கரைந்திருந்தால் கரு தன் கழிவிலேயே நஞ்சேறி மடியும். சிறுநீர், மலமும் சேர்ந்தே வெளியேறும் பொதுப்புழையை அடைந்ததோடு கதை முடிவதுமில்லை. குடலின் பின்னோக்கிய அலைகள் அதை மீண்டும் பெருங்குடலுக்குள் தள்ள, அங்கே சோடியமும் அதைத் தொடர்ந்து நீரும் உறிஞ்சப்படுகின்றன. காய்ந்த விதைகளை மட்டும் தின்னும் ஆஸ்திரேலியாவின் ஜீப்ரா ஃபின்ச் என்னும் சிறு பறவை ஆய்வகத்தில் மாதக்கணக்கில் நீர் குடிக்காமல் வாழ்ந்ததற்கு இந்த மீட்பும், உணவு எரியும்போது உடலுக்குள் உருவாகும் நீரும் சேர்ந்தே காரணம்.

கவனித்தால், இந்த மீட்பில் ஒரு பொறி இருப்பது தெரியும்: நீரை மீட்க வேண்டுமானால் உப்பையும் மீட்க வேண்டும். நன்னீர்ப் பறவைக்கு அது நல்லது. கடல்நீர் குடிக்கும் பறவைக்கு அது கேடு, வேறொரு வாயில் இல்லாவிட்டால்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மனிதன் ஒரு லிட்டர் கடல்நீரைக் குடித்தால், அந்த உப்பை வெளியேற்ற ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்க வேண்டும்; குடித்ததை விட இழந்ததே மிகுதியாகும். பறவையின் சிறுநீரகம் அதை விடவும் தளர்ந்தது. அப்படியிருந்தும் ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவை மாதக்கணக்கில் கரையையே காணாமல் வாழ்வது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விளங்காத செய்தியாகவே இருந்தது. கண்களுக்கு மேலே, மண்டையோட்டின் பள்ளத்தில், பிறைவடிவச் சுரப்பி ஒன்று இருப்பதையும் அதன் நாளம் மூக்கில் திறப்பதையும் உடற்கூற்றியலாளர்கள் முன்பே அறிந்திருந்தனர். மூக்குக்குள் புகும் கடல்நீரைக் கழுவுவதற்காக அது இருக்கலாம் என்று எண்ணினர். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் உடலியலாளர் க்னூட் ஷ்மிட்-நீல்சனும் உடன் பணியாற்றியவர்களும் நீர்க்காகங்களுக்குக் கடல்நீரைப் புகட்டிப் பார்த்தபோது, அலகு நுனியில் சொட்டிய தெளிந்த நீர் இரத்தத்தை விடப் பல மடங்கு உப்பானது என்பது தெரியவந்தது.

அவர்கள் கடற்காகத்தில் நடத்திய சோதனை அழகானது. பறவையின் எடையில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் 134 மில்லிலிட்டர் கடல்நீரை அதற்குக் கொடுத்தனர். மூன்று மணி நேரத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிட்டது. மூக்கு வழியே வந்தது சுமார் 56 மில்லிலிட்டர். பொதுப்புழை வழியே வந்தது சுமார் 75 மில்லிலிட்டர். ஆனால் வெளியேறிய சோடியத்தில் பத்தில் ஒன்பது பங்கு மூக்கு வழியே வந்த அந்தக் குறைந்த நீரில்தான் இருந்தது. சிறுநீர் நீர்த்ததாகவே இருந்தது. எடுத்துச் சொன்னால், சிறுநீரகம் உப்புக் குறைந்த நீரைக் கழிக்கும் வேளையில், நெற்றியிலிருந்த சுரப்பி கடல்நீரை விடவும் அடர்ந்த உப்புநீரைச் சுரந்துகொண்டிருந்தது.

இங்கே அடிக்கடி காணப்படும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். பறவை கடல்நீரை அலகிலேயே வடிகட்டிவிட்டு நன்னீரை மட்டும் விழுங்குவதாகச் சிலர் எழுதுகின்றனர். அப்படி நடப்பதில்லை. உப்பு முழுவதும் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தின் அடர்த்தி உயர்வதை உணரும் உணரிகள் நரம்பு வழியே சுரப்பிக்கு ஆணையிடுகின்றன. சில நிமிடங்களில் சுரப்பு தொடங்குகிறது. சிறுநீரகம்போல இது இடைவிடாமல் இயங்குவதில்லை. உப்பு மிகும்போது மட்டும் விழித்துக்கொள்ளும். சுரப்பிக்குள் எண்ணற்ற நுண்குழல்கள் மையக் கால்வாய் ஒன்றைச் சுற்றி ஆரங்கள்போல் அமைந்துள்ளன. அவற்றின் செல்கள், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவிட்டு, சோடியம்-பொட்டாசியம் பம்பு மூலம் ஏற்படுத்தும் விசையைக் கொண்டு, குளோரைடையும் அதைத் தொடர்ந்து சோடியத்தையும் குழலுக்குள் இறைக்கின்றன. இரத்தம் குழலின் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் பாய்கிறது. எதிரோட்டம் வரும் மூன்றாவது இடம் இது.

சுரக்கும் நீர் கடல்நீரைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை உப்பானது. ஆகவே குடித்த கடல்நீரில் ஒரு பகுதி நன்னீராக உடலில் தங்குகிறது. வெயிலில் மூச்சிரைக்கும் கடற்பறவையை இங்கே நினைத்துப் பாருங்கள்: ஆவியாகும் நீர் உப்பை எடுத்துச் செல்வதில்லை, முழுவதையும் உடலில் விட்டுச் செல்கிறது. நிழலற்ற வெப்பமண்டலத் தீவில் கூடு காக்கும் கடற்பறவை உடலைக் குளிர்விக்க நீர் செலவிடும் அளவுக்கு, இரத்தத்தில் உப்பின் அடர்த்தியும் ஏறும். அந்த நீரைக் கடலிலிருந்து ஈடுகட்ட முடிவது உப்புச் சுரப்பி இருப்பதால்தான்.

வெளியேறும் வழி இனத்துக்கு இனம் மாறுகிறது. கடற்காகத்தில் துளிகள் அலகின் நுனிக்கு வழிந்து தலை உதறலில் தெறிக்கின்றன. கூழைக்கடாவின் நீண்ட அலகிலுள்ள பள்ளங்கள் அவற்றை நுனிவரை நடத்திச் செல்கின்றன. நீர்க்காகத்தின் வெளி நாசித்துளைகள் அடைபட்டிருப்பதால், சுரப்பு வாயின் மேற்பகுதி வழியே அலகு நுனியை அடைகிறது. பெட்ரல் என்னும் கடற்பறவைகள் குழல்வடிவ நாசியால் அதை வெளியே பீய்ச்சுகின்றன.

சுமை எவ்வளவு என்பதை உணவும் தீர்மானிக்கிறது. எலும்பு மீன்களின் உடல்நீர் கடலை விட உப்புக் குறைந்தது. கணவாயும், இறாலை ஒத்த சிற்றுயிரான கிரில் போன்ற ஓடுடையவையும் கடல்நீருக்கு ஒத்த உப்பு கொண்டவை. ஆகவே மீன் தின்னும் பறவையை விட, கிரில் தின்னும் பறவையின் சுரப்பி கூடுதலாக உழைக்க வேண்டும். சுரப்பியின் அளவும் நிலையானது அன்று: உப்புநீர் கொடுத்து வளர்க்கப்படும் வாத்துக் குஞ்சுகளில் அது சில நாட்களிலேயே பெருக்கிறது; நன்னீருக்குத் திரும்பினால் சுருங்குகிறது.

இந்தச் சுரப்பி எல்லாப் பறவைகளிலும் வேலை செய்வதில்லை. குருவியினத்தில், அதாவது உலகின் பறவை இனங்களில் பாதிக்கு மேல் அடங்கும் வரிசையில், அது பயன்படும் நிலையில் இல்லை. வட அமெரிக்காவின் உவர்ச் சதுப்புகளில் வாழும் சவன்னா சிட்டின் சில கிளையினங்கள், வளைவு கொண்ட நெஃப்ரான்களைப் பெருக்கி, வழக்கத்துக்கு மாறாக அடர்ந்த சிறுநீரை உண்டாக்கிச் சமாளிக்கின்றன. சிலியின் கடற்கரைப் பாறைகளில் கடல் உயிரிகளையே தின்று வாழும் சிங்க்ளோடெஸ் என்னும் குருவியினப் பறவையும் பெரிய சிறுநீரகத்தையே நம்பியிருக்கிறது.

சுரப்பி உள்ள இனங்களிலும் குஞ்சுகளுக்கு அது உடனே கைகொடுப்பதில்லை. தென்கிழக்கு அமெரிக்காவின் கடற்கரையில் கூடு கட்டும் வெள்ளை அரிவாள் மூக்கன்கள், அருகிலேயே உவர்நீர் நண்டுகள் மலிந்திருக்க, பல கிலோமீட்டர் உள்நாட்டுக்குப் பறந்து இறாலை ஒத்த நன்னீர்க் கிரேஃபிஷைக் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. உவர்நீர் இரை மட்டும் கொடுத்து வளர்க்கப்பட்ட குஞ்சுகள் எடை கூடாமல் நலிந்ததைச் சோதனைகள் காட்டின. மழை பொய்த்து உள்நாட்டு நன்னீர்ச் சதுப்புகள் வற்றும் ஆண்டுகளில், வளர்ந்த பறவைகளுக்குக் கடலோரத்தில் இரை இருந்தும், அவற்றின் கூடமைப்பு பெருமளவு குறைந்துவிடுகிறது.